இரண்டாம் பாகத்தில் சொல்லாத வசனம்

இப்போதெல்லாம் படம் முடியும்போது படம் முடிவதில்லை. கதாநாயகன் கடலைப் பார்த்து நிற்கிறான். பின்னால் எவனோ ஒருவன் முகத்தைக் காட்டாமல் சிரிக்கிறான். மீதி அடுத்த பாகத்தில் என்று திரையில் எழுத்து விழுகிறது. ஜனங்களும் பழகிவிட்டார்கள். அந்த எழுத்துக்காகவே எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஹைதராபாத் குகட்பள்ளியில் எங்கள் வீட்டு ஹாலில் என் மகனும் அவனுடைய ஆபீஸ் நண்பர்களும் இதைப் பற்றித்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "செகண்ட் பார்ட் எப்புடூ ஃப்ளாப்பே. ஃபர்ஸ்ட் பார்ட் மாதிரி எப்படி வரும்?" என்றான் மகன். எப்புடூ என்றால் எப்போதும்; தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பது அவன் வழக்கம்.

நான் சமையலறையிலிருந்தே சொன்னேன். "வரும். நான் எடிட்டிங்ல வெட்டின படம் வந்துச்சு."

எல்லாரும் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள். அம்மா சினிமாவில் ஏதோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்ற அளவில்தான் அந்தப் பிள்ளைகளுக்கு என்னைத் தெரியும். எந்தப் படம் என்று கேட்டார்கள். சொன்னேன். "ஆன்ட்டி, அது நீங்களா?" என்று ஒருவன் எழுந்தே விட்டான். அன்று அவர்களுக்கு அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

என் அப்பா லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து வந்த குடும்பம். சினிமாவில் வேலை என்றதும் அம்மா, "நக்கோ. கைக்கு உனக்கு அந்த வேலை? டீச்சருக்குப் படி" என்றார். நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு; ஹைதராபாத் உருது எங்கள் வீட்டுத் தமிழில் அப்படிக் கலந்திருந்தது. அப்பா எடிட்டிங் மேஜையை ஒருமுறை வந்து பார்த்தார். சக்கரம் சுற்றுகிறது, பல்லில் ஃபிலிம் ஓடுகிறது, மிதித்தால் நிற்கிறது. "மெஷின் வேலைதானே எஸ்தர், செய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஃபிலிம் துண்டுகளுக்கு எண் எழுதினேன், கொக்கியில் மாட்டினேன், டேப் போட்டு ஒட்டினேன். வருடங்கள் அப்படியே போயின. பிறகு கத்தரி போய்க் கம்ப்யூட்டர் வந்தது. அதையும் கற்றுக்கொண்டேன்.

என் குரு, முதலாளி, மேலதிகாரி எல்லாம் எடிட்டர் சூர்யம் காரு ஒருவர்தான். தெலுங்குக்காரர். தெலுங்குப் படங்களெல்லாம் சென்னையில் எடுக்கப்பட்ட காலத்தில் கோடம்பாக்கத்தில் தொழில் கற்றவர். அதனால் ஹைதராபாத் வந்த பிறகும் என்னோடு மட்டும் மெட்ராஸ் தமிழில்தான் பேசுவார். சினிமாக்காரர்களில் மற்றவர்கள் இந்தக் கதையில் பேசுவதெல்லாம் தெலுங்கில் நடந்தது. நான் தமிழில் தருகிறேன்.

அவர் கம்ப்யூட்டரைத் தொட மாட்டார். என் பின்னால் ஒரு பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, வாயில் சோம்பு போட்டுக்கொண்டு, "போடு", "நிறுத்து" என்ற இரண்டே சொற்களில் ஒரு நாள் வேலையை முடிப்பார். அவர் அறையில் "நல்லாருக்கு" என்று யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். "நல்லாருக்கு, நல்லால்லேன்றது டீக்கடையில சொல்றது. நீ எங்க மூச்சை நிறுத்துன, அத்தச் சொல்லு" என்பார்.

இரண்டாம் பாகம் என்றால் என்ன ஆபத்து என்பதை நான் முதலில் பார்த்தது ஒரு நகைச்சுவைப் படத்தில். முதல் பாகம் பெரிய வெற்றி. இரண்டாவதில் அதே ஆட்கள், அதே வீடு, முன்பு வழுக்கி விழுந்தவர் மறுபடியும் வழுக்கி விழுகிறார். இயக்குநர் சிரித்துக்கொண்டே சூர்யம் காருவைப் பார்த்தார். சூர்யம் காரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இதுக்கு முதல் படத்தையே திருப்பி ரிலீஸ் பண்ணியிருக்கலாமே. செலவு மிச்சம்." அந்தப் படம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

அதற்குப் பல வருடங்கள் கழித்துத்தான் நான் சொல்ல வந்த படம் வந்தது.

முதல் பாகத்தை எடிட் செய்ததும் சூர்யம் காருதான். நான் அவருக்கு அசோசியேட். கதை எளிமையானது. நல்கொண்டா பக்கத்து லாரி டிரைவர் ஒருவன். அவனுடைய தம்பி கல்குவாரியில் வெடி விபத்தில் செத்துப்போகிறான். குவாரி முதலாளி அதை மறைக்கிறான். டிரைவர் தனி ஆளாக முதலாளியையும் அவன் ஆட்களையும் அடித்து வீழ்த்திவிட்டு ஜெயிலுக்குப் போகிறான். இயக்குநர் மாதவுக்கு அது முதல் படம். ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடியது. அடுத்து அவர் எடுத்த இரண்டு படங்களும் விழுந்தன. தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்க ஆள் இல்லாத நிலைக்கு வந்த பிறகுதான், லாரி டிரைவர் ஜெயிலிலிருந்து வெளியே வரும் இரண்டாம் பாகத்தை எடுக்க முடிவு செய்தார். இதுவும் விழுந்தால் இன்னொரு வாய்ப்பு இல்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

ஷூட்டிங் தொடங்குமுன் ரசிகர்கள் முதல் பாகத்தை ஒரு தியேட்டரில் மறுபடி போட்டார்கள். சூர்யம் காரு என்னையும் அழைத்துக்கொண்டு போனார். முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்து, திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "ஸ்க்ரீன்ல இன்னா இருக்குன்னு நமக்குத் தெரியும். நீ ஜனத்தைப் பாரு" என்றார்.

விசில், பேப்பர் மழை, நாற்காலி மேல் ஆட்டம். கடைசிச் சண்டையில் கூரையே பறந்துவிடும் போலிருந்தது. டிரைவர் அடித்த அடியில் குவாரி மேஸ்திரி ஒருவன் விழுந்து செத்துக் கிடப்பான். அப்போது ஒரே ஒரு ஷாட். அந்த மேஸ்திரியின் மனைவி கணவனுக்குச் சாப்பாடு கொண்டு வந்தவள், டிபன் கேரியரோடு குவாரி கேட்டில் நிற்பாள். வசனம் கிடையாது. அந்த ஷாட் வந்ததும் மொத்தத் தியேட்டரும் சட்டென்று அடங்கியது. விசிலடித்தவன் விரலை வாயிலிருந்து எடுத்தான். ஷாட் போனதும் பழையபடி கூச்சல்.

சூர்யம் காரு என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "பாத்தியா? ரெண்டாவது படம் இங்கதான் இருக்கு."

மறுநாள் மாதவிடம் அந்தப் பெண் இரண்டாம் பாகத்தில் இருக்கிறாளா என்று கேட்டார். "ஒரு சீன் இருக்கு சார். ஹீரோ போய் மன்னிப்புக் கேக்கறார்" என்றார் மாதவ். "ஒரு சீன் போதும். ஒழுங்கா எடு."

அந்த வேடத்தில் நடித்தவர் நாகமணி. கூட்டத்தில் நிற்கும் துணை நடிகையாக முதல் பாகத்துக்கு வந்தவர். ஹைதராபாத் ஓரத்து உப்பலில் ஓர் உண்மையான பிளாஸ்டிக் கம்பெனியின் வாசலில் அந்தக் காட்சியை எடுத்தார்கள். கணவன் போன பிறகு அவள் நகரத்துக்கு வந்து அங்கே வேலை பார்க்கிறாள். சாப்பாட்டு இடைவேளையில் டிரைவர் வந்து நிற்கிறான். நீளமான ஒரு வசனம் பேசுகிறான். அவள் அழுது, "போ, ஜெயிச்சுட்டு வா" என்று ஆசீர்வதிக்கிறாள். எழுதியிருந்தது இதுதான். ஹீரோ அதைப் பிரமாதமாகப் பேசியிருந்தார். தயாரிப்பாளர் அந்த வசனத்தை டீசரிலேயே வைத்துவிட்டார். தெருவுக்குத் தெரு பையன்கள் அதை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் அறையில் ஒரு விதி உண்டு. எடுத்த எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். சரி என்று குறித்தது, வேண்டாம் என்று ஒதுக்கியது, கேமராவை நிறுத்த மறந்தது எல்லாவற்றையும். படத்தின் வரிசையில் அல்ல, எடுத்த வரிசையில். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் சூர்யம் காருவுக்கு நெஞ்சு வலி வந்தது. பேகம்பேட்டில் ஒரு மருத்துவமனையில் சேர்த்து பைபாஸ் செய்தார்கள். வேலை என் கைக்கு வந்தது.

எழுதியபடியே ஒரு வடிவம் ஒட்டினேன். மாதவும் தயாரிப்பாளரும் வந்து பார்த்தார்கள். படத்தில் எல்லாமே பெரிதாக இருந்தது. குவாரி போய் விசாகப்பட்டினம் துறைமுகம் வந்திருந்தது. முதலாளி போய் முதலாளியின் அண்ணன் வந்திருந்தான். ஹெலிகாப்டர் இரண்டு முறை வெடித்தது. தயாரிப்பாளர் கை தட்டினார். மாதவ் மட்டும் என்னைப் பார்த்தார். "எப்படிம்மா இருக்கு?"

"நான் எங்கேயும் மூச்சை நிறுத்தல சார்" என்றேன்.

தயாரிப்பாளரின் முகம் மாறியது. "சூர்யம் காரு வரட்டும். அதுவரைக்கும் நீங்க முதல் பாகத்தோட என்ட்ரி மியூசிக்கை இன்னும் நாலு இடத்துல போட்டு வைங்க."

அவர்கள் போன பிறகு நான் மறுபடியும் உப்பல் காட்சியின் ஒதுக்கிய டேக்குகளைப் போட்டேன். அதில் ஒன்று எனக்கு முதல் நாளிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது.

அந்த டேக்கில் டிரைவர் கேட்டருகே நிற்கிறான். நாகமணி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வருகிறார். அடையாளம் தெரிகிறது. "சாப்பாட்டு நேரம் முடியப் போகுது. சொல்ல வந்ததைச் சொல்லு" என்கிறார். இது எழுதிய வரிதான். ஹீரோ மூச்சை இழுத்து வசனத்தைத் தொடங்கப் போகும் நேரத்தில், பக்கத்துக் கம்பெனியில் நிஜமாகவே சங்கு ஊதிவிடுகிறது. நாகமணி சங்கு வந்த திசையைப் பார்க்கிறார். ஹீரோவை ஒரு தடவை பார்க்கிறார். பிறகு திரும்பி உள்ளே போய்விடுகிறார். இயக்குநர் கட் சொல்லவில்லை. கேமராக்காரரும் நிறுத்தவில்லை. ஹீரோ நிற்கிறார். கை எங்கே வைப்பது என்று தெரியாமல், போவதா இருப்பதா என்று தெரியாமல், பெரிய நடிகர் ஒருவர் கம்பெனி வாசலில் அப்படியே நிற்கிறார்.

நாகமணியைத் தொலைபேசியில் அழைத்து, அன்று ஏன் உள்ளே போனீர்கள் என்று கேட்டேன்.

அவர் பயந்துவிட்டார். "தப்பாயிடுச்சாம்மா? சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி அந்த மாதிரி கம்பெனியிலதான் இருந்தேன். சங்கு ஊதினா கால் தானா உள்ள போயிடும். டைரக்டர் சாரே ஒண்ணும் சொல்லலையேன்னு விட்டுட்டேன்."

"தப்பு இல்ல. சும்மா கேட்டேன்" என்றேன். எங்கே வெட்டுவது என்று என் மனதில் முடிவாகிவிட்டது.

அந்த டேக்கை எடுத்துக்கொண்டேன். வசனம் போயிற்று. அழுகை போயிற்று. ஆசீர்வாதம் போயிற்று. ஆனால் டீசரில் வந்த வசனத்தைப் படத்தில் காணோம் என்றால் ரசிகர்கள் தியேட்டரைக் கொளுத்துவார்கள். நிறைய யோசித்தேன். ஹீரோ உப்பலிலிருந்து திரும்பும்போது லாரி ஓட்டிக்கொண்டு போகும் நீண்ட ஷாட் ஒன்று இருந்தது, வாய் மூடி, சாலையைப் பார்த்தபடி. அந்த ஷாட்டின் மேல் வசனத்தின் ஒலியை மட்டும் வைத்தேன். அவளிடம் சொல்ல முடியாததை அவன் தனக்குள் சொல்லிக்கொண்டு போகிறான். கேட்க வேண்டியவள் உள்ளே மெஷின் முன்னால் இருக்கிறாள். வசனம் முடியும் இடத்தில் இடைவேளை.

அதன் பிறகு மற்றதெல்லாம் தானாக நகர்ந்தது. பிற்பாதியில் துறைமுகச் சண்டை ஒன்றின் ஓரத்தில் அடியாள் ஒருவன் பயந்து ஓடுவான், ஹீரோ அவனை விட்டுவிடுவார். சிரிப்புக்காக எடுத்த ஷாட். அதை அங்கிருந்து எடுத்துக் கடைசிச் சண்டையின் நடுவில் வைத்தேன். இப்போது யாரும் சிரிக்க முடியாது. இன்னொரு வாசலில் இன்னொருத்தி டிபன் கேரியரோடு நிற்க வேண்டாம் என்று அவன் நினைப்பது, யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஹெலிகாப்டர் ஒரு முறை வெடித்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

மாதவ் பார்த்தார். "அம்மா, இது என் படமா?" என்றார்.

"நீங்க எடுத்ததுதான் சார். ஒரு ஃப்ரேம்கூட வெளியிலேர்ந்து கொண்டு வரல."

"எனக்குப் புடிச்சிருக்கு. பயமாவும் இருக்கு. ஹீரோ ஒத்துக்க மாட்டார்."

தயாரிப்பாளர் பார்த்ததும் கொதித்தார். சென்னையிலிருந்து வேறு எடிட்டரைக் கொண்டு வருவேன் என்றார். "கூட்டிட்டு வாங்க சார். அவருக்கும் இந்த டேக்கைக் காட்டிட்டுப் போறேன். அவர் வேண்டாம்னு சொன்னா நான் ஒத்துக்கறேன்" என்றேன். திமிராகச் சொல்லவில்லை. எந்த எடிட்டரும் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது.

வேறு எடிட்டர் வரவில்லை. ஹீரோவே வந்தார்.

தனியாகத்தான் வந்தார். சூர்யம் காருவின் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். "என் டயலாக்கை எடுத்துட்டீங்களாமே, எஸ்தர் காரு?"

"எடுக்கல சார். இடம் மாத்தியிருக்கேன். பாருங்க."

போட்டேன். சங்கு ஊதியது. நாகமணி உள்ளே போனார். ஹீரோ திரையில் நின்றார், எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். லாரி போனது, வசனம் ஒலித்தது, இடைவேளை என்று எழுத்து வந்தது.

"இது வேண்டாம்னு வெச்ச டேக் ஆச்சே" என்றார்.

"ஆமா சார்."

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டேன்.

"அங்க நான் நடிக்கவே இல்லம்மா. அந்தம்மா போயிட்டாங்க. அடுத்து என்ன பண்றதுன்னு நிஜமாவே தெரியல. டைரக்டரைப் பார்க்கறதா வேண்டாமான்னு யோசிச்சிட்டு நின்னேன்."

"தெரியுது சார். அதனாலதான் வெச்சேன். நீங்க பேசியிருந்தா அவங்க உங்களை மன்னிச்சிருப்பாங்க. ஜனங்களும் மன்னிச்சிட்டு, கை தட்டிட்டு, மறந்துட்டுப் போயிருப்பாங்க. இப்ப நீங்க அதைத் தூக்கிட்டே போகணும். படம் முடியற வரைக்கும்."

அவர் தாடையைத் தடவிக்கொண்டே திரையைப் பார்த்தார். அந்த முகத்துக்காக ஊர் ஊராகக் கட்அவுட் வைக்கிறார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் அந்த அறையை விட்டே போக வேண்டியிருக்கும். ஆனாலும் நான் காட்ட வேண்டியதைக் காட்டிவிட்டேன்.

"சரி, இருக்கட்டும்" என்றார் கடைசியில். எழுந்தவர் கதவருகே நின்று, "ஆனா என்ட்ரி மியூசிக்கில கை வைக்காதீங்க. பசங்க அழுதுடுவாங்க" என்றார்.

"ஒரு தடவை முழுசா வெச்சிருக்கேன் சார். திரும்பத் திரும்பப் போடல."

சிரித்துவிட்டுப் போனார். அவர் ஒத்துக்கொண்ட பிறகு தயாரிப்பாளரும் ஒத்துக்கொண்டார்.

சூர்யம் காரு மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவருக்குப் போட்டுக் காட்டினேன். சோம்பு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஹீரோ நிற்கும் இடத்தில் "நிறுத்து" என்றார்.

"டேக் சரி. லாரில டயலாக்க வெச்சது ரொம்ப சரி. ஆனா இவன் நிக்கறது நீளம். ஜனம் சிரிச்சுடும். பாதியா வெட்டு."

"வெட்ட மாட்டேன் சார்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "சங்கு நின்னதுக்கப்புறம் அவர் எதுக்காகவோ காத்திருக்கார் சார். அவங்க திரும்பி வருவாங்கன்னு. வர மாட்டாங்கன்னு ஜனங்களுக்குப் புரியறதுக்கு அவ்வளவு நேரம் வேணும்" என்றேன்.

"உன் பேர்ல வர்ற வெட்டு. நீயே பாத்துக்கோ" என்றார். கோபமா என்று தெரியவில்லை. டைட்டிலில் எங்கள் இருவர் பெயரும்தான் வரப்போகிறது என்பதை நான் நினைவூட்டவில்லை.

படம் வெளியான காலை, தன் மகள் தடுத்தும் கேளாமல் சூர்யம் காரு குகட்பள்ளி தியேட்டருக்கு வந்துவிட்டார். அவருக்காக ஓரத்து இருக்கை வாங்கியிருந்தேன். முதல் பாதி முழுக்கக் கூச்சல். உப்பல் காட்சி தொடங்கியதும் முன்வரிசைப் பையன்கள் எழுந்து நின்றார்கள். வசனம் வரப் போகிறது, கூடவே சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்கள். ஒருவன் முதல் வார்த்தையைச் சொல்லியும் விட்டான். சங்கு ஊதியது.

நாகமணி உள்ளே போனார். ஹீரோ நின்றார். தியேட்டரும் நின்றது. எங்கோ ஒரு விசில் கிளம்பியது. "டேய், இருடா" என்று ஒரு பையனே அதட்டினான். ஷாட் ஓடிக்கொண்டே இருந்தது. சிரிப்பு வரவில்லை. எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். லாரியின் மேல் வசனம் ஒலித்தபோது கூடச் சொல்ல ஒருவரும் இல்லை.

இடைவேளை விளக்கு எரிந்தது. நான் சூர்யம் காருவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் தொடவில்லை.

"இன்னும் கொஞ்சம் நிக்க விட்டிருக்கலாம்" என்றார்.

முதல் பாகத்தைவிட அது அதிக நாள் ஓடியது. அதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. முதல் பாகத்தில் ஒரு மனிதன் அடித்தான். இரண்டாம் பாகத்தில் அடித்ததன் விலை அவனுக்குத் தெரிந்தது. மாதவ் இன்றைக்கும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். நாகமணியை உப்பல் பஸ்ஸில் பார்த்துப் பெண்கள் எழுந்து இடம் கொடுத்தார்களாம். "அம்மா, எனக்கு உட்காரவே கூச்சமா இருந்துச்சு" என்றார். பிறகு அவருக்கு நல்ல வேடங்கள் வந்தன, பஸ்ஸில் போவதும் நின்றது.

நான் ஓய்வு பெற்ற வாரத்தில் அந்தத் தயாரிப்பாளர் வீட்டுக்கு வந்தார். பழம், இனிப்பு, பெரிய மாலை. ஒரு காலத்தில் என்னை மாற்றப் பார்த்தவர், என் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்தார்.

"மூணாவது பாகம் பண்ணலாம்மா. ஹீரோ சரின்னுட்டார். நாகமணியம்மாவையும் பெருசா போட்டுடலாம். எடிட்டிங்குக்கு நீங்க மறுபடி வரணும். போற இடமெல்லாம் ஜனங்க இதைத்தான் கேக்கறாங்க."

"என்ன கேக்கறாங்க சார்?"

"மூணாவது எப்போ, மூணாவது எப்போன்னு."

"எப்போன்னு கேக்கறாங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு யாராவது கேட்டாங்களா?"

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். யோசித்தார். நேர்மையான மனிதர், பொய் சொல்லவில்லை.

"இல்லம்மா" என்றார்.

"அப்ப எடுக்காதீங்க" என்றேன்.

இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றார். குடித்துவிட்டுப் போனார். படம் இரண்டோடு நின்றுவிட்டது.